பட்ட மரத்தின் பஞ்சாங்கம்

2002 ஜூலை 4 அன்று வடகிழக்குப் போலந்துக்குள் ஒரு சூறைக்காற்று புகுந்தது. அது போன தடத்தில் 130 கிலோமீட்டர் நீளத்துக்கு, 15 கிலோமீட்டர் அகலத்துக்குக் காடு அலங்கோலமாகக் கிடந்தது. சேதமான காட்டின் பரப்பு ஏறத்தாழ 33,000 ஹெக்டேர் என்று கணக்கிட்டார்கள். மசூரிய ஏரிகளை ஒட்டியிருக்கும் பிஷ் காட்டுக்குப் பலத்த அடி. சில பைன்கள் வேரோடு பெயர்ந்து, மண்ணைச் சுவர்போல் தூக்கிக்கொண்டு சாய்ந்தன. சில இடுப்பளவில் முறிந்து நின்றன. வனத்துறை எல்லா நாட்டிலும் செய்வதையே அங்கும் செய்தது: விழுந்ததை அறுத்தார்கள், வண்டியேற்றினார்கள், இடத்தைத் துப்புரவாக்கிப் புதுக் கன்று நட்டார்கள்.

நானூறு ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட ஒரு துண்டை மட்டும் தொடவில்லை. ஷாஸ்ட் என்று பெயரிட்டு அதைத் தனியே ஒதுக்கினார்கள். விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும், என்ன நடக்கிறதென்று பார்ப்போம் என்பதுதான் திட்டம். இப்படியொரு வாய்ப்பு காட்டியலில் அடிக்கடி அமையாது. ஒரே காற்று, ஒரே மண், ஒரே மரம். ஒரு பக்கம் துடைத்துவிட்ட வெளி, மறுபக்கம் குவிந்து கிடக்கும் கட்டைகள்.

மரம் விழுந்த சேதி முதலில் எட்டுவது பட்டைத் துளைப்பான் வண்டுகளுக்கு. பூச்சியியலாளர்களும் பெரும்பாலும் வண்டின் பின்னாலேயே போவார்கள். வண்டு வந்தால் நட்டம், நட்டம் வந்தால் ஆராய்ச்சிக்குப் பணம். வார்சாவில் போலந்து அறிவியல் கழகத்தின் விலங்கியல் நிறுவனத்தைச் சேர்ந்த எவா துர்ஸ்கா பல ஆண்டுகளாகத் தேடிவந்ததோ யாருக்கும் லாபமோ நட்டமோ வைக்காத ஒன்றை: சில மில்லிமீட்டர் நீளமே உள்ள போரிட் ஈக்களை. நடவுக் காடு, முதிர்ந்த காடு, காற்று சாய்த்த காடு, சாய்ந்ததை அப்புறப்படுத்திய காடு, தீயில் வெந்த காடு என ஒவ்வொன்றிலும் எந்த ஈ இருக்கிறது, எது இல்லை என்று அவர் எண்ணினார். காட்டின் வயதையும் அது பட்ட அடியையும் ஓர் ஈக்கூட்டத்தைக் கொண்டு கண்டறிய முடியுமா என்பதுதான் அதிலிருந்த கேள்வி.

போரிட் ஈயை ஒருமுறை அடையாளம் கண்டுவிட்டால் பிறகு மறக்காது. கூன் விழுந்த முதுகு, தாழ்ந்த தலை, தடித்த பின்னங்கால். பறப்பதைவிட ஓடுவதில்தான் அதற்கு நாட்டம். விருட்டென்று ஓடும், நிற்கும், திசையை மாற்றி மறுபடி ஓடும். உலகில் இதுவரை பெயரிடப்பட்டவை நாலாயிரத்துக்கும் மேல். அவற்றில் மெகாசீலியா என்ற ஒரே பேரினத்தில் மட்டும் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட இனங்கள். பெயரிடப்படாதவை எத்தனை என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2015இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகர வீடுகளின் கொல்லைகளில் வைத்த வலைப்பொறிகளிலிருந்து மட்டும் 30 புதிய மெகாசீலியா இனங்களை விவரித்தார்கள். மழைக்காட்டில் அல்ல, கார்கள் நெரியும் நகரத்தில். உலகின் மிகச் சிறிய ஈ என்று 2012இல் தாய்லாந்திலிருந்து அறிவிக்கப்பட்டதும் இந்தக் குடும்பத்து ஈதான். அதன் நீளம் 0.4 மில்லிமீட்டர்.

பிழைப்பு முறையிலும் இவ்வளவு வகை காட்டும் ஈக் குடும்பம் வேறு உண்டா என்பது சந்தேகம். சிலவற்றின் புழுக்கள் அழுகியதைத் தின்கின்றன. சில நத்தையின முட்டைகளுக்குள் வளர்கின்றன. சில எறும்பின் உடலுக்குள் முட்டையிட்டு, கடைசியில் அதன் தலையையே துண்டிக்கின்றன. புதைத்த உடலைத் தேடி ஒரு மீட்டர் ஆழ மண்ணுக்குள்ளும் இறங்கிப் போகும் ஓர் இனத்துக்கு ஐரோப்பாவில் சவப்பெட்டி ஈ என்றே பெயர். இன்னும் பல இனங்கள் காளான் தின்பவை. தமிழ்நாட்டில் சிப்பிக்காளான் வளர்ப்பவர்களுக்கு இவை தெரிந்த எதிரிகள்தான். குடிலின் சன்னலுக்கு நைலான் வலை அடிக்கச் சொல்வது போரிட், சியாரிட் ஈக்களுக்கு அஞ்சித்தான். ஆனால் மெகாசீலியாவின் பெரும்பான்மை இனங்களின் புழு எதைத் தின்கிறது, எங்கே வளர்கிறது என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. இனப்பட்டியலில் பெயருக்கு எதிரே உணவு என்ற கட்டம் காலியாகவே இருக்கும்.

இவற்றைப் பிடிப்பதற்கு இரண்டு வழிகள் பழக்கத்தில் உள்ளன. ஒன்று மஞ்சள் நிறத் தட்டு. சோப்பு கலந்த திரவத்தை அதில் ஊற்றித் தரையிலோ கிளையிலோ வைத்துவிட்டால், நிறத்துக்கு மயங்கி வரும் பூச்சி இறங்கி மூழ்கும். மற்றொன்று மலேஸ் பொறி. சுவீடன் நாட்டுப் பூச்சியியலாளர் ரெனே மலேஸ் பூச்சி சேகரிக்கச் சென்ற பயணங்களில், கூடாரத்துக்குள் நுழைந்த பூச்சிகள் எல்லாம் மேலே ஏறி உச்சி மூலையில் குவிவதைக் கவனித்தார். அந்த மூலையில் ஒரு புட்டியைப் பொருத்தினால் போதுமே என்று தோன்றியது. 1937இல் அவர் வெளியிட்ட வடிவம் பெரிதாக மாறாமல் இன்றும் காடுகளில் நிற்கிறது. 2003 முதல் சுவீடன் முழுக்க இந்தப் பொறிகளை நாட்டி வைத்தார்கள். அவற்றில் சேர்ந்த பூச்சிகள் ஏறத்தாழ இரண்டு கோடி.

பிடிப்பது சுலபம், இனம் பிரிப்பதுதான் ஆளைக் கொல்லும். மெகாசீலியாவில் பெரும்பாலும் ஆண் ஈயை வைத்துத்தான் இனத்தை உறுதிசெய்ய முடிகிறது; அதுவும் வயிற்று நுனியின் உறுப்புகளை நுண்ணோக்கியில் திருப்பித் திருப்பிப் பார்த்து. பல ஆய்வுகளில் பெண் ஈக்கள் கணக்கிலேயே வருவதில்லை. முட்டையிடுவதற்கு இடம் தேடி அலைவது பெண். பட்டியலில் ஏறுவது ஆண். இந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கீழே வரும் முடிவுகளைப் படிக்க வேண்டும்.

காட்டுக்கு வயது என்றால் என்ன? வனத்துறைப் பதிவேட்டில் அது ஓர் எண்: நட்ட ஆண்டைக் கழித்தால் வருவது. ஈக்களுக்கு அந்த எண்ணால் பயனில்லை. அவற்றுக்கு வேண்டியது நிழல், ஈரம், காளான், உளுத்த கட்டை. வெட்டுவதற்காக நட்டு வளர்த்த நூறாண்டு பைன் தோப்பில் மரங்கள் எல்லாம் ஒரே உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். கீழே விழுந்து கிடப்பது ஒன்றுமிருக்காது. யாரும் கைவைக்காத நூறாண்டுக் காட்டில் கால் வைக்க இடம் தேட வேண்டியிருக்கும். பின்லாந்தின் யுஹா சீடோனன் 2001இல் தொகுத்துக் காட்டிய கணக்கின்படி, நாட்டின் தென்பகுதியில் உள்ள இயற்கை முதுகாடுகளோடு ஒப்பிட்டால், மரத்தொழில் நடக்கும் காடுகளில் பட்ட மரத்தின் அளவு தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டது. பின்லாந்தின் காட்டுயிர்களில் 4,000 முதல் 5,000 இனங்கள், அதாவது ஐந்தில் ஒன்றுக்குக் குறையாமல், ஏதோ ஒரு வகையில் பட்ட மரத்தை நம்பி வாழ்பவை என்பதும் அவர் போட்ட கணக்கே. பறவைகளையும் பாலூட்டிகளையும் எண்ணிக்கொண்டு போனால் இந்தக் கணக்கு பிடிபடாது. அதில் பெரும்பங்கு பூஞ்சைகளுக்கும் வண்டுகளுக்கும் ஈக்களுக்கும் உரியது.

துர்ஸ்காவின் முடிவுகள் இந்த இடத்தில்தான் சுவையாகின்றன. துஹோலா, பியாவா, பியாவோவியெஜா ஆகிய காடுகளில் இளம் நடவுகளையும் முதிர்ந்த பைன் காடுகளையும் பார்த்தார். பிஷ் காட்டில் சாய்ந்தபடி விட்ட துண்டையும் அப்புறப்படுத்திய துண்டையும் பார்த்தார். 1999இல் ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே டிரெஸ்டா தேசியப் பூங்காவில் சுமார் 450 ஹெக்டேர் எரிந்துபோன காட்டின் ஈக்களும் ஒப்பீட்டுக்குள் வந்தன. கோடரியும் காற்றும் தீயும் வெவ்வேறு விதமாகக் காட்டை அடிக்கின்றன. ஆகவே பின்னால் வரும் ஈக்கூட்டமும் வெவ்வேறாக இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அப்படி இல்லை. அடிபட்ட காடுகளின் போரிட் கூட்டங்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. அடிபடாத பழைய காடுகளின் கூட்டம் தனியே நின்றது. அடிபட்ட இடங்களில் அழுகலைத் தின்னும் புழுக்களைக் கொண்ட இனங்கள் பெருகின. பழைய காட்டில் காளான் தின்னிகளுக்கு மேல்கை.

யார் அடித்தது என்பதைவிட, அடிக்குப் பின் தரையில் வெயில் விழுந்ததா என்பதே ஈக்கு முக்கியம் என்று இதைப் படிக்கலாம். ஆனால் அவசரப்பட்டு, அப்படியானால் விழுந்த மரத்தை எடுத்தால் என்ன, விட்டால் என்ன என்ற முடிவுக்குப் போகக்கூடாது. ஈக்கூட்டம் ஒத்திருப்பது முதல் சில ஆண்டுகளின் சங்கதி. கட்டை உளுப்பது பல பத்தாண்டுகளின் சங்கதி.

வயது இப்படி உணவை மாற்றுகிறது என்றால், பருவத்தை என்ன செய்கிறது? ஒரே ஊரில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு காடுகளுக்கு ஒரே வசந்தம்தானே வர வேண்டும்? நாள்காட்டியில் ஒன்றுதான். தரைமட்டத்தில் அப்படியில்லை.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், கேஸ்கேட் மலைச்சரிவில் ஹெச்.ஜே. ஆண்ட்ரூஸ் ஆய்வுக்காடு இருக்கிறது. அங்கே முதுகாட்டிலும் நடவுக் காட்டிலும் வெப்பமானிகளைப் பரப்பி அளந்தவர்கள் 2016இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். வசந்த மாதங்களின் பகல் உச்ச வெப்பத்தில் முதுகாடு நடவுக் காட்டைவிட 2.5 டிகிரி வரை குளிர்ந்திருந்தது. கவனிக்க வேண்டியது, அந்த நடவுகள் வெட்டவெளி அல்ல, கிளைகள் கூடி நிழல் கட்டிய காடுகள். வித்தியாசத்துக்குக் காரணம் நிழல் மட்டுமல்ல. பல உயர மரங்கள், அடுக்கடுக்கான கிளைகள், கனத்த தண்டுகள் என முதுகாட்டின் உடற்கட்டும்தான். மூடிய காட்டையும் திறந்த வெளியையும் ஒப்பிட்டால் இடைவெளி இன்னும் விரியும். 2019இல் உலகின் பல கண்டங்களிலிருந்து அளவுகளைத் திரட்டிய ஆய்வில், காட்டுத் தரையின் உச்ச வெப்பம் வெளியைவிடச் சராசரியாக 4 டிகிரி குறைவு, தாழ்ந்த வெப்பம் ஒரு டிகிரி அதிகம் என்று தெரிந்தது.

இரண்டரை டிகிரி மனிதருக்கு ஒரு சால்வை எடுக்கலாமா வேண்டாமா என்ற அளவுதான். ஒன்றரை மில்லிமீட்டர் ஈக்கு அது வேறு கதை. பூச்சியின் வளர்ச்சி நாட்களைப் பார்த்து நடப்பதில்லை, திரண்ட வெப்பத்தைப் பார்த்து நடக்கிறது. ஒரு குறிப்பிட்ட வாசலுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் கணக்கில் சேர்கிறது. தொகை நிரம்பும் அன்று கூட்டுப்புழு உடைந்து ஈ வெளிவரும். வெட்டிய வெளியில் பனி உருகியதும் வெயில் நேரே மண்ணில் இறங்குவதால் இந்தத் தொகை சீக்கிரம் நிரம்பத் தொடங்குகிறது. முதுகாட்டில் அதே இனத்தின் அதே வயதுக் கூட்டுப்புழு பின்தங்கும். ஆனால் வெளியில் இரவுப் பனியும் மண்ணைக் கடிக்கும், நடுக்கோடைப் பகலில் மணற்பாங்கான தரை வறண்டு சுடும். சின்ன ஈக்களுக்கு வெப்பத்தைவிட வறட்சிதான் பெரிய பகை. உடல் சிறுக்கச் சிறுக்க, கன அளவோடு பார்த்தால் தோல்பரப்பு கூடும், நீர் இழப்பும் கூடும். அதனால்தான் வெட்டவெளியின் ஆண்டு தாவித் தாவி நடக்கிறது: சட்டென்று ஒரு பெருக்கம், இடையில் ஓர் அடக்கம், மழைக்குப் பின் மீண்டும் ஒன்று. வெப்பம் கிடைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் முட்டையிலிருந்து ஈயாகிவிடும் மெகாசீலியா இனங்கள் உண்டு. ஒரே கோடைக்குள் பல தலைமுறை எடுக்கும் இத்தகையவற்றுக்கு இந்தத் தாவல் ஒத்துவருகிறது. ஆண்டுக்கு ஒரே தலைமுறை எடுப்பவை பொறுமையான இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

எல்லாப் போரிட்களும் கோடையை விரும்புவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டிரிஃப்லெபா என்ற பேரினத்தில் பல இனங்கள் மற்ற ஈக்கள் ஓய்ந்த பிறகு, பின் இலையுதிர்காலத்திலும் பனி விலகும் முன்வசந்தத்திலும் பறப்பவை. ஜூன் மாதத்தில் மட்டும் பொறி வைத்து, இந்தக் காட்டில் இன்னின்ன ஈக்கள் உள்ளன என்று எழுதுபவரின் பட்டியலில் இவை வராது. பருவத்தைக் கணக்கில் எடுக்காத இனப்பட்டியல்கள் பலவற்றில் இந்த ஓட்டை இருக்கிறது.

வடக்கே போகப் போக, பழைய காட்டின் ஆண்டு இலையுதிர்காலத்தை நோக்கிச் சாய்கிறது. அங்கே மேடைக்கு வருவது வேறொரு கூட்டம்: காளான் ஈக்கள். மெலிந்த நீண்ட கால்கள், கொசுவைப் போன்ற உடல், ஆனால் கடிக்காது. பின்லாந்தில் மட்டும் எழுநூறுக்கும் மேற்பட்ட இனங்கள். இவற்றின் புழுக்கள் பெரும்பாலும் காளானுக்குள்ளோ, மரக்காளானிலோ, பூஞ்சை படர்ந்த உளுத்த கட்டையிலோ வளர்கின்றன. காட்டில் பறித்த காளானை இரண்டாகப் பிளந்ததும் உள்ளே நெளியும் வெண்புழுக்கள் பல நேரங்களில் இவைதான். ஆகஸ்டு, செப்டம்பரில் தரைக்காளான் பொங்கும்போது ஈக்களும் பொங்கும். தரைக்காளான் சில நாட்களில் கரைந்துவிடும் என்பதால் அதில் வளரும் புழு அவசரக்காரன். ஆண்டுக்கணக்கில் மரத்தில் ஒட்டியிருக்கும் கெட்டியான மரக்காளானில் வளர்வதற்கு அந்த அவசரம் இல்லை.

காட்டை வெட்டினால் இந்த இலையுதிர்கால எழுச்சியே தொலைகிறது. வடக்கத்திக் காடுகளின் தரைக்காளான்களில் பெரும்பகுதி, உயிருள்ள பைன், ஸ்ப்ரூஸ் வேர்களோடு கூட்டுச் சேர்ந்து வாழ்பவை. மரம் இலையில் சமைத்த சர்க்கரையை வேர்வழியே பூஞ்சைக்குக் கொடுக்கும். பூஞ்சை மண்ணிலிருந்து நீரையும் சத்தையும் திரட்டித் தரும். மரத்தை அறுத்த அன்றே சர்க்கரை வரத்து நிற்கிறது. அடுத்த செப்டம்பரில் அந்த இடத்தில் அந்தக் காளான் குடை விரிப்பதில்லை. எஞ்சுவது அடிக்கட்டையில் முளைப்பவையும் குப்பையில் முளைப்பவையும்தான்.

நார்வேயின் பியோர்ன் ஓக்லான்ட் 1990களில் தெற்கு நார்வேயின் ஸ்ப்ரூஸ் காடுகளில் இந்தக் காளான் ஈக்களை எண்ணினார். வெட்டிய வெளி, மேலாண்மைக் காடு, ஓரளவு இயற்கையாக விடப்பட்ட காடு என்று மூன்று வகை. வெட்டவெளியில் ஈக்கள் சரிந்தன, அது எதிர்பார்த்ததே. வெட்டி வளர்த்த காட்டுக்கும் வெட்டப்படாத காட்டுக்கும் இடையிலான வேறுபாடுதான் கவனிக்க வேண்டியது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் பச்சை, இரண்டும் காடு. ஈக்களின் இனவளம் வெட்டப்படாத காட்டின் பக்கமே நின்றது. இந்தப் பூச்சிகளைக் காக்க வெட்டப்படாத காடுகள் முக்கியமானவை என்று 1996இல் வந்த கட்டுரையின் தலைப்பிலேயே அவர் எழுதிவிட்டார். பகலில் இந்த ஈக்கள் ஒதுங்குவது எங்கே என்று பார்த்தாலே பாதிக் காரணம் விளங்கும். ஓடைக்கரையின் கவிந்த மண்ணுக்கு அடியில், பொந்து விழுந்த தண்டுக்குள், வேரோடு சாய்ந்த மரம் தூக்கி நிறுத்திய மண்சுவரின் நிழலில். துப்புரவான காட்டில் இவற்றில் ஒன்றும் இராது.

செப்டம்பருக்குப் பிறகு என்ன? பல இனங்கள் முழு ஈயாகவே குளிர்காலத்தைத் தாண்டுகின்றன. பட்டைக்கடியிலும், உலர்ந்த செடித்தண்டின் பொள்ளலிலும், குகையிலும் ஒண்டிக்கொள்கின்றன. அலாஸ்காவின் உட்பகுதியில் இப்படிக் குளிர்காலத்தைக் கடக்கும் எக்ஸீக்கியா நுகடோரியா என்ற காளான் ஈயைப் பற்றி 2009இல் வந்த செய்தி உடலியல் அறிஞர்களையே புருவம் உயர்த்த வைத்தது. குளிரைச் சமாளிக்கப் பூச்சிகளுக்கு இரண்டு உத்திகள் என்பது பாடப்புத்தகக் கணக்கு: உடல் நீரை உறையவிட்டும் பிழைப்பது, அல்லது உறையவே விடாமல் தடுப்பது. ஒரு பூச்சி ஒன்றைத்தான் செய்யும். இந்த ஈ இரண்டையும் ஒரே உடலில் செய்கிறது. வெப்பம் மைனஸ் 30 டிகிரியைத் தாண்டிக் கீழே போகும்போது வயிறு மட்டும் உறைகிறது. தலையும் மார்பும் உறையாமல் நீராகவே நிற்கின்றன. வயிறு உறைந்த ஈ வசந்தத்தில் எழுந்து நடக்கும். மைனஸ் 50 டிகிரியை நெருங்கி முன்பாதியும் உறைந்தால்தான் சாவு.

பருவத்தை இன்னொரு விதமாக ஏமாற்றுபவையும் உண்டு. நெற்பயிரில் ஆனைக்கொம்பனை உண்டாக்கும் ஈயைத் தமிழ்நாட்டு உழவர்கள் அறிவார்கள். அதே குடும்பத்தில், பயிரைத் தொடாமல் உளுத்த மரத்தின் பூஞ்சையைத் தின்று வாழும் இனங்கள் ஏராளம். 1860களின் தொடக்கத்தில் ரஷ்யாவின் கசான் பல்கலைக்கழகத்து விலங்கியலாளர் நிகோலாய் வாக்னர், மரப்பட்டைக்கு அடியில் கிடைத்த இத்தகைய புழுக்களின் உடலுக்குள் வேறு புழுக்கள் நெளிவதைப் பார்த்தார். ஒட்டுண்ணி என்றுதான் முதலில் தோன்றும். ஒட்டுண்ணி இல்லை, பிள்ளைகள். ஈயாகாமல், இணை சேராமல், புழுவாக இருக்கும்போதே தாயாகிவிடுகிறது அந்த உயிர். உள்ளே வளரும் மகள்கள் தாயின் உடலையே தின்று, தோலைக் கிழித்து வெளியே வரும். சில நாட்களில் அவற்றுக்குள்ளும் அதே கதை. இந்தச் சேதியை ஐரோப்பிய அறிஞர்கள் நம்பத் தயங்கினார்கள். வாக்னர் பின்னாளில் குழந்தைகளுக்கு மாயக்கதைகளும் எழுதிப் புகழ்பெற்றார் என்பது உபரிச் செய்தி. புழுக்கதைதான் அவர் சொன்னவற்றில் நம்பமுடியாதது, ஆனால் அது உண்மை.

பூஞ்சை தழைத்திருக்கும்வரை தலைமுறை தலைமுறையாகப் புழுவாகவே காலம் தள்ளுவதும், உணவு குறையும்போதோ நெரிசல் கூடும்போதோ இறக்கை முளைத்து வேறு கட்டையைத் தேடிப் பறப்பதும் இதன் வழக்கம். அப்படியானால், மஞ்சள் தட்டில் இந்த ஈ குறைவாக விழும் காடு இது குறைவாக உள்ள காடு என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. பட்டைக்கடியில் இலட்சக்கணக்கில் கொழித்துக்கொண்டிருக்கலாம். பறக்கத் தேவை வரவில்லை, அவ்வளவுதான். பொறியில் விழும் எண்ணிக்கை இருப்பைக் காட்டுவதில்லை, நடமாட்டத்தைக் காட்டுகிறது. பருவ ஆய்வுகளில் இந்த இரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

காளானை நம்பிய ஈக்களுக்கு நாள்காட்டியே நகரத் தொடங்கியிருக்கிறது. இங்கிலாந்தின் தென்பகுதியில் எட்வர்ட் கேஞ்ச் என்ற ஆர்வலர் 1950 முதல் பல பத்தாண்டுகள் விடாமல் காளான் முளைத்த தேதிகளைக் குறித்துவைத்தார். அந்த ஏடுகளை அவருடைய மகன், சூழலியலாளர் ஆலன் கேஞ்ச், மற்றவர்களோடு சேர்ந்து அலசி 2007இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார். 315 இனங்களின் பதிவு அது. 1950களில் சராசரியாக 33 நாள் நீடித்த இலையுதிர்காலக் காளான் பருவம், அரை நூற்றாண்டில் 75 நாளாக நீண்டிருந்தது. இலையுதிர்காலத்தில் மட்டும் முளைத்த சில இனங்கள் வசந்தத்திலும் முளைக்கத் தொடங்கியிருந்தன. புழுவுக்கு இது கூடுதல் விருந்துபோலத் தோன்றும். ஆனால் உறங்கி எழுவதற்கு ஈ நம்பியிருப்பது பகலின் நீளத்தையும் வெப்பத்தையும். காளான் நம்பியிருப்பது மழையையும் மண்ணின் வெப்பத்தையும். இரண்டும் ஒரே வேகத்தில் நகரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வெட்டவெளியில் இந்தப் பிசகு கூர்மையாகத் தெரியும். உள்ளிருக்கும் வெப்பத்தைத் தானே மட்டுப்படுத்தும் முதுகாட்டில் மெல்லத்தான் தெரியும்.

இந்த ஈக்கணக்குகள் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. போவதற்கு ஒரு வழக்கு இருந்தது. போலந்து – பெலாருஸ் எல்லையில் விரியும் பியாவோவியெஜா, ஐரோப்பாவின் சமவெளியில் எஞ்சிய பழங்காடுகளில் முதன்மையானது. அங்கே ஸ்ப்ரூஸ் மரங்களைப் பட்டை வண்டு கூட்டங்கூட்டமாகப் பட்டுப்போகச் செய்தபோது, 2016இல் போலந்து அரசு வெட்டும் அளவை உயர்த்தியது. பட்ட மரத்தை எடுக்காவிட்டால் வண்டு பரவும் என்பது அரசுத் தரப்பு. பட்ட மரம்தான் அந்தக் காட்டின் உயிர் என்பது அறிவியலாளர்களும் போராடியவர்களும் சொன்னது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போயிற்று. 2018 ஏப்ரல் 17 அன்று, அந்த வெட்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டங்களை மீறியது என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பில் பறவைகள் இருக்கின்றன, பட்ட மரத்தை நம்பிய வண்டுகள் இருக்கின்றன. காப்புப் பட்டியலில் இருப்பவற்றைத்தான் சட்டம் காக்கும். பெயரே வைக்கப்படாத ஈ எந்தப் பட்டியலில் ஏறும்?

பெயர் வைக்கும் வேலை இப்போது சற்று விரைவடைந்திருக்கிறது. சுவீடனின் பொறிகளில் சேர்ந்த போரிட்களில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை எமிலி ஹார்டொப்பும் உடன் பணிபுரிந்தவர்களும் மரபணுத் துணுக்குகளைக் கொண்டு வகைப்படுத்தினார்கள். ஒரே நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் தேறின. மரபணுவுக்கு ஆண், பெண் பேதமில்லை என்பதால், இதுவரை ஓரங்கட்டப்பட்ட பெண் ஈக்களையும் இந்த முறையில் இனத்தோடு சேர்க்க முடியும். தெற்கில் எது, வடக்கில் எது, கோடையில் எது, குளிரை ஒட்டி எது என்று பிரித்துப் பார்க்கும் அளவுக்கு மெகாசீலியாவுக்கு ஒரு வரைபடம் உருவாகி வருகிறது.

வெட்டும் முறையும் கொஞ்சம் மாறியிருக்கிறது. சுவீடனிலும் பின்லாந்திலும் காட்டை அறுக்கும்போது சில மரங்களை அடியோடு எடுக்காமல், ஆள் உயரத்தைத் தாண்டி மூன்று நான்கு மீட்டர் உயரத்துக்கு விட்டு மொட்டைக் கட்டையாக நிறுத்துகிறார்கள். காடுகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்புகள் அதை வற்புறுத்துகின்றன. வெயிலை விரும்பும் வண்டுகள் சில அந்தக் கட்டைகளில் குடியேறியிருக்கின்றன. ஈரத்தை நம்பிய காளான் ஈக்களுக்கு வெட்டவெளியில் தனித்து நிற்கும் உலர்ந்த கட்டையால் ஆவது குறைவு. அவற்றுக்குத் தரையில் படுத்து, பாசி மூடி, கையால் அழுத்தினால் நீர் கசியும் பெருங்கட்டை வேண்டும். வடக்கத்திக் காட்டில் விழுந்த ஒரு ஸ்ப்ரூஸ் அந்த நிலைக்கு வரவே சில பத்தாண்டுகள் ஆகும். முழுக்க மண்ணாக ஐம்பது முதல் நூறு ஆண்டுகள். சுவீடனில் வெட்டுக்கு விடும் காட்டின் சுழற்சியும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஆகவே ஒரு சுழற்சியில் விட்டுவைத்த கட்டையை அடுத்த சுழற்சியின் இயந்திரங்கள் ஏறி நசுக்காமல் இருக்க, அது எங்கே கிடக்கிறது என்று காட்டு வரைபடத்தில் குறித்து வைக்க வேண்டும் என்று அங்குள்ள சூழலியலாளர்கள் கேட்கிறார்கள்.